மாதவாரியாக அடக்க விலை: பம்ப்செட் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் சிறு பம்ப்செட், மோட்டார் பட்டறைகளுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை. முதலாளி, அவருடைய மகன், அலுவலகத்தில் வவுச்சர் பதியும் பெண் என யார் அழைத்தாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: இந்த மாதம் ஒரு பம்ப் என்ன விலைக்கு அடங்கியது? பெரும்பாலோர் டேலி பிரைம் வைத்திருப்பதால் அதைக் கொண்டே பதில் எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர் மாறும், அவ்வளவுதான். எடுத்துக்காட்டில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. வருடக் கடைசியில் ஆடிட்டர் லாபத்தைச் சொல்லிவிடுகிறார். மாதா மாதம் அடக்க விலை பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஆண்டு லாபம் 9 லட்சம் என்று ஆடிட்டர் சொல்கிறார் என்று வையுங்கள். அது கோடை சீசனில் வந்த 14 லட்சம் லாபமும், மழைக்காலத்தில் போன 5 லட்சம் நட்டமும் சேர்ந்த எண்ணாக இருக்கலாம். காப்பர் ஏறிய மாதத்தில் பழைய விலைப்பட்டியலிலேயே டீலருக்குச் சரக்கு அனுப்பியிருக்கலாம். ஆண்டுக் கணக்கு இதையெல்லாம் சமன்செய்து மறைத்துவிடும். தெரியவரும்போது அடுத்த சீசனுக்கான விலையும் பேசி முடிந்திருக்கும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 56(12), பதிவு பெற்ற உற்பத்தியாளர் மாதந்தோறும் உற்பத்திக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது: எவ்வளவு மூலப்பொருள் செலவானது, எவ்வளவு பொருள் உருவானது, கழிவும் உபபொருளும் எவ்வளவு. அது கேட்பது அளவை மட்டுமே. ஆனால் அளவை மாதவாரியாக ஒழுங்காக வைத்துவிட்டால் விலையைச் சேர்ப்பது சிறு வேலை.

2. அடக்க விலையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பொருளை இன்றைய நிலைக்கும் இடத்துக்கும் கொண்டுவர ஆன செலவு எல்லாம் சேரும். மூலப்பொருள், அதை இறக்கிய லாரி வாடகை, மோட்டாரில் காப்பர் கம்பி சுற்றும் வைண்டிங் கூலி, லேத் கூலி, இயந்திரம் ஓடிய மின்சாரம், பட்டறை வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் இதில் அடங்கும். உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும் ஜி.எஸ்.டி. சேராது.

விற்பனையாளர் கமிஷன், டீலர்களை அழைத்துப்போகும் சுற்றுலா, அலுவலகச் செலவு, வங்கி வட்டி, தயாரான பம்புகளை வைத்திருக்கும் கிடங்கு வாடகை ஆகியவை சேரா. அவை அந்தந்த மாதத்தின் செலவாக நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். வழக்கத்துக்கு மீறிய சேதமும் அப்படித்தான்: வார்ப்பில் வழக்கமாக நூற்றுக்கு மூன்று கழியும் என்றால் அது அடக்கத்தில் இருக்கட்டும், ஒரு லோடு முழுக்க ஓட்டை விழுந்து வந்தால் அதை நல்ல பம்புகளின் தலையில் கட்டக்கூடாது. சரக்கு மதிப்பீடு பற்றிய கணக்கியல் தரநிலை 2 சொல்வதும் இதைத்தான்.

ஒரு 1 எச்.பி. மோனோபிளாக் பம்புக்கு இப்படி வரும்: காப்பர் 1.2 கிலோ ரூ.945 வீதம் 1,134, ஸ்டாம்பிங் (மோட்டாருக்கு வெட்டிய இரும்புத் தகடு) 720, காஸ்டிங் (வார்ப்பு) 900, சாஃப்ட், பேரிங், சீல், கெப்பாசிட்டர், பெயின்ட், பெட்டி 650. கூட்டினால் 3,404. ஸ்க்ராப் வரவு 40 போக 3,364. கூலி 320, ஓட்டத்துக்கான மின்சாரம் 60, நிலையான பட்டறைச் செலவு 300. ஆக ரூ.4,044.

3. டேலியில் முதலில் எதை அமைக்க வேண்டும்?

எஃப்11 அழுத்தி, சரக்குக் கணக்கும் நிதிக் கணக்கும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இணைக்காமல் கடைசி இருப்பை மாதம் ஒருமுறை கையால் எழுதும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அப்படியிருந்தால் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது. அடுத்து, பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் வசதியைத் திறந்து, ஒவ்வொரு பம்புக்கும் உதிரிப் பட்டியலைப் பதியுங்கள். பிறகு ஸ்டாக் ஜர்னல் வகையில் ஒரு புதிய வவுச்சர் உருவாக்கி, அதை மேனுஃபேக்சரிங் ஜர்னலாக, அதாவது செலவான உதிரிகளையும் உருவான பம்பையும் ஒன்றாகப் பதியும் வவுச்சராக, பயன்படுத்தலாம் என்பதற்கு ஆம் கொடுங்கள். கொள்முதல் வவுச்சரில் கூடுதல் செலவைத் தொடரும் வசதியையும் திறந்துவிட்டால் லாரி வாடகை சரக்கின் விலையோடு சேர்ந்துகொள்ளும்.

4. மேனுஃபேக்சரிங் ஜர்னலை மாதக் கடைசியில் மொத்தமாக ஒன்று போட்டால் போதாதா?

ஆண்டுக் கணக்குக்குப் போதும், மாதக் கணக்குக்குப் போதாது. 30ஆம் தேதி ஒரே பதிவாக 800 பம்ப் என்று போட்டால், 5ஆம் தேதி விற்ற பம்ப் கணக்கில் இன்னும் செய்யப்படாத பம்ப். இருப்பு எதிர்மறையாகும், விலை தடுமாறும். தினமும் போட்டால் நல்லது. ஆள் இல்லாவிட்டால் வாரம் ஒருமுறையாவது போடுங்கள். மாதம் முடியும் நாளில் வாரம் பாதியில் நின்றாலும் அன்று ஒன்று போட்டுவிடுங்கள்.

எந்தத் தேதியில் பதிந்தீர்கள் என்பது முக்கியமல்ல, வவுச்சரில் எந்தத் தேதி இருக்கிறது என்பதே முக்கியம். சனிக்கிழமை உட்கார்ந்து திங்கள் முதல் வெள்ளி வரை அந்தந்தத் தேதியிட்டுப் பதிந்தாலும் சரியே.

5. காஸ்டிங் முறை, அதாவது சரக்குக்கு விலை போடும் முறை, என்று டேலியில் ஒரு பெரிய பட்டியல் வருகிறது. எதைத் தேர்வது?

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். காப்பர் தொடக்க இருப்பு 100 கிலோ, விலை 900. மாதத்தில் வாங்கியது 300 கிலோ, விலை 960. செலவானது 250 கிலோ. சராசரி முறையில் கிலோ 945, செலவு ரூ.2,36,250. முதலில் வந்தது முதலில் போகும் முறையில் ரூ.2,34,000. கடைசிக் கொள்முதல் விலையில் ரூ.2,40,000. ஒரே காப்பர், ஒரே மாதம், 6,000 ரூபாய் வரை வித்தியாசம்.

டேலியில் இயல்பாக வருவது ஆவரேஜ் காஸ்ட். மாதக் கணக்கு பார்ப்பவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சராசரி நிதியாண்டின் தொடக்கம் முதல் வந்த எல்லாச் சரக்கையும் சேர்த்துப் போடப்படுகிறது. ஏப்ரலில் 400 கிலோ 900க்கு வாங்கி முழுவதையும் செலவழித்துவிட்டீர்கள். ஜூலையில் 100 கிலோ 1,000க்கு வாங்கி ஒரு கிராம்கூடத் தொடவில்லை. கையில் இருப்பது 1,00,000 ரூபாய்ச் சரக்கு. சராசரியோ 4,60,000 வகுத்தல் 500, அதாவது 920. இருப்பு 92,000 என்று காட்டும். காணாமற்போன 8,000 ஜூலையின் செலவில் ஏறிவிடும். ஆகவே மாதவாரிக் கணக்குக்கு மந்த்லி ஆவரேஜ் காஸ்ட்தான் என் தேர்வு. அது ஒவ்வொரு மாதத்துக்கும் தனியாகச் சராசரி போட்டு, மாத இறுதி இருப்பை அடுத்த மாதத்துக்குத் தொடக்கமாகக் கொடுக்கிறது. முந்தியது முந்திப்போகும் முறையும் தவறில்லை. அப்போது ஃபைஃபோ பெர்பெச்சுவல் எடுங்கள், நிதியாண்டு மாறும்போது அடுக்கு கலையாது. கடைசியில் வந்தது முதலில் போகும் லைஃபோ பட்டியலில் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம், இந்தியக் கணக்கியல் தரநிலை அதை ஏற்பதில்லை. எந்த முறையானாலும் நடு ஆண்டில் மாற்றுவதற்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

6. மே மாதம் எடுத்து வைத்த எண், ஜூலையில் அதே மே மாதத்துக்குப் பார்த்தால் வேறாக இருக்கிறது. மென்பொருள் கோளாறா?

இல்லை. இடையில் யாரோ மே தேதியிட்டு எதையோ பதிந்திருக்கிறார்கள் அல்லது திருத்தியிருக்கிறார்கள். தாமதமாக வந்த கொள்முதல் பில், அளவு மாற்றிய ஜர்னல், அழித்த வவுச்சர் என எதுவாகவும் இருக்கலாம். மென்பொருள் எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து கணக்கிடுகிறது. மே இறுதி மாறினால் ஜூன் தொடக்கமும் மாறும், அதன் வால் பிடித்து ஜூன் அடக்க விலையும் மாறும்.

மாதம் முடிந்து 10 நாளுக்குள் கணக்கை மூடுங்கள். டேலியில் பயனர் உரிமைகளுக்குள், பின்தேதியிட்ட வவுச்சர்களுக்கு ஒரு கெடுநாள் வைக்கலாம். அதற்கு முந்திய தேதியில் முதலாளி தவிர யாரும் பதிய முடியாது. மூடிய அன்றே இருப்பைக் காட்டும் ஸ்டாக் சம்மரி அறிக்கையைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். எடிட் லாக் இருந்தால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவு கட்டாயம்.

7. ஏப்ரல், மே, ஜூன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடியுமா?

முடியும். ஸ்டாக் சம்மரியைத் திறந்து ஆல்ட்+என் அழுத்தி மாதவாரி என்று தேர்ந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு நெடுவரிசையாக வரும். ஆனால் அதில் தெரிவது இருப்பின் விலை. உற்பத்தியின் விலை தெரிய வேண்டுமானால் சரக்கின் வரத்தையும் போக்கையும் காட்டும் மூவ்மென்ட் அனாலிசிஸுக்குள் போய், காலத்தை எஃப்2 மூலம் ஒரு மாதமாகச் சுருக்கி, உற்பத்தி மூலம் உள்ளே வந்த அளவையும் மதிப்பையும் எடுத்து வகுங்கள். இரண்டும் ஒன்றல்ல. போன மாதப் பம்புகள் கையில் நிறைய இருந்தால் இருப்பின் சராசரி இந்த மாதத்து உண்மையைக் காட்டாது.

8. காஸ்டிங் கிலோவில் வாங்குகிறோம், எண்ணிக்கையில் செலவு செய்கிறோம். எப்படிப் பதிவது?

பட்டறைகளில் அதிகமாகக் கணக்கு கெடும் இடம் இதுதான். வார்ப்புப் பட்டறையான ஃபவுண்டரியின் பில் கிலோவுக்கு. அசெம்பிளியில் எடுப்பது பாடி ஒன்று, இம்பெல்லர் ஒன்று. டேலியில் மாற்று அலகு உண்டு: முதன்மை அலகு எண்ணிக்கை, மாற்று அலகு கிலோ, 1 பாடிக்கு 9 கிலோ என்று வைக்கலாம். ஆனால் எல்லாப் பாடியும் 9 கிலோ இருப்பதில்லை. மோல்டு தேய்ந்தால் எடை கூடும். கிலோவுக்கு விலை அதே, பாடிக்கு விலை அதிகம்.

வரும் ஒவ்வொரு லோடிலும் எண்ணிக்கையையும் மொத்த எடையையும் எழுதச் சொல்லுங்கள். 200 பாடி, 1,860 கிலோ என்றால் ஒன்று 9.3 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றால் ஒரு பாடி 930, நீங்கள் கணக்கிட்ட 900 அல்ல. பில் பதியும்போது எண்ணிக்கை 200 என்றும் மதிப்பு 1,86,000 என்றும் பதிந்தால் சரியான விலை தானே உட்காரும். இந்த 30 ரூபாயைக் கவனித்த முதலாளி ஃபவுண்டரியிடம் எடை பற்றிப் பேசத் தொடங்குவார். விலை குறைத்துக் கேட்பதைவிட அது வேகமாகப் பலன் தரும்.

9. காப்பர் துண்டு, லேத் போரிங், ஸ்டாம்பிங் கழிவு எல்லாம் விற்றால் பணம் வருகிறது. அதை என்ன செய்வது?

பெரும்பாலான இடங்களில் அது இதர வருமானத்தில் போய் விழுகிறது, சில இடங்களில் கணக்குக்கே வருவதில்லை. இரண்டாவதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. முறையாக, உதிரிப் பட்டியலிலேயே ஸ்க்ராப் வகையாகப் பதிந்துவிடுங்கள். மேனுஃபேக்சரிங் ஜர்னலில் அதன் மதிப்பு கழிந்து பம்பின் அடக்கம் குறையும். 2ஆம் பதிலில் வந்த 40 ரூபாய் அப்படி வந்ததுதான்.

மாதவாரிப் பார்வையில் இதற்கு ஒரு காரணம் உண்டு. கழிவு நாலு மாதம் சேர்ந்த பிறகு ஒருநாள் வியாபாரி வந்து எடுத்துப்போவார். வருமானமாகப் பதிந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் பிரமாதமாகத் தெரியும்.

10. மேனுஃபேக்சரிங் ஜர்னலில் கூலியைக் கூடுதல் செலவாகச் சேர்க்கிறோம். கூலி ஏற்கெனவே சம்பள லெட்ஜரில் இருக்கிறதே. இரண்டு முறை செலவாகிவிடாதா?

நல்ல கேள்வி, ஆடிட் அலுவலகங்களில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள். மேனுஃபேக்சரிங் ஜர்னல் எந்த லெட்ஜரையும் தொடாது. சரக்கின் மதிப்பை மட்டும் உயர்த்தும். கூலி 3,20,000 சம்பள லெட்ஜரில் முழுதாகச் செலவாக இருக்கிறது. 1,000 பம்ப் செய்து 900 விற்றீர்கள். மீதி 100 பம்பின் இருப்பு மதிப்பில் 32,000 கூலி ஏறி நிற்கிறது. இறுதிச் சரக்காக அது வரவுப் பக்கம் வருகிறது. ஆக, மாதத்தின் நிகரக் கூலிச் செலவு 2,88,000. அதாவது விற்ற 900 பம்புகளின் கூலி. சரியாகவே இருக்கிறது.

கெடுவது எங்கே என்றால், ஜர்னலில் 320 என்று எப்போதோ வைத்த எண்ணை மாற்றாமல் விடும்போது. மாதக் கடைசியில் ஜர்னல்கள் வழியே ஏற்றிய மொத்தக் கூலியையும் லெட்ஜரில் உள்ள மொத்தக் கூலியையும் ஒப்பிடுங்கள். ஏற்றியது லெட்ஜரைவிட அதிகம் என்றால், செய்யாத செலவைச் சரக்கில் பூட்டி வைத்திருக்கிறீர்கள், லாபம் பொய்.

11. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில கொள்முதல் பில் அடுத்த மாதம் வருகிறது. அவை எந்த மாதம்?

எந்த மாதம் பயன்பட்டதோ அந்த மாதம். பில் தேதியையோ பணம் கட்டிய தேதியையோ பார்க்காதீர்கள். மீட்டர் அளவை மாதக் கடைசி நாளில் நீங்களே குறித்து, யூனிட்டைக் கட்டணத்தால் பெருக்கி, செலுத்த வேண்டிய செலவு என்று ஒரு ஜர்னல் போடுங்கள். பில் வந்ததும் வித்தியாசத்தை மட்டும் சரிசெய்யுங்கள்.

சரக்கு வந்து பில் வராதபோது ரெசீப்ட் நோட் பதியுங்கள். ஒப்பந்த விலையிலேயே சரக்கு உள்ளே வந்துவிடும். அதே ட்ராக்கிங் எண்ணைப் பின்னர் பில்லில் கொடுத்தால் இரண்டும் இணையும். இதைச் செய்யாமல் சரக்கைச் செலவழித்தால்தான் எதிர்மறை இருப்பு வருகிறது. அந்த நிலையில் மென்பொருள் காட்டும் எந்த விலையையும் நம்பாதீர்கள். மாதத்தை மூடும் முன் நெகட்டிவ் ஸ்டாக் அறிக்கை வெறுமையாக இருக்க வேண்டும்.

12. தீபாவளி மாதம் மட்டும் அடக்க விலை கன்னாபின்னா என்று ஏறுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

போனஸ்தான் காரணம். மாதக் கூலி 4 லட்சம் என்றால், சட்டப்படியான குறைந்தபட்சமாகிய 8.33 சதவீதத்தில் ஆண்டு போனஸ் ஏறக்குறைய 4 லட்சம். அந்த மாதம் 800 பம்ப் செய்தால் பம்புக்கு 500 ரூபாய் கூடிவிடும். ஆனால் அந்த போனஸை ஆட்கள் பன்னிரண்டு மாதம் உழைத்துச் சம்பாதித்தார்கள். மாதந்தோறும் 33,320 ஒதுக்கீடாகப் பதிந்தால் 800 பம்ப் செய்யும் மாதத்தில் பம்புக்கு 42 ரூபாய்தான். வழக்கமாக அதைவிட அதிகம் கொடுப்பவர்கள் அந்த விகிதத்தையே எடுத்துக்கொள்ளட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் இன்ஷூரன்ஸ், தொழில் உரிமக் கட்டணம், இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இதே வழி. ஆயுத பூஜைச் செலவைப் பிரிக்க வேண்டாம், அந்த மாதமே போகட்டும்.

13. மழைக்காலத்தில் ஆர்டர் இல்லை, பாதிதான் ஓடுகிறது. ஒரு பம்புக்கு வாடகையும் சூப்பர்வைசர் சம்பளமும் இரட்டிப்பாகிறது. அதுதான் உண்மையான அடக்கமா?

இல்லை. நிலையான பட்டறைச் செலவு மாதம் 3 லட்சம், சாதாரணமாக 1,000 பம்ப் செய்கிறீர்கள், பம்புக்கு 300. நவம்பரில் 600தான் செய்தீர்கள். 3 லட்சத்தை 600ஆல் வகுத்தால் 500. ஆனால் பம்பின் மேல் ஏற்ற வேண்டியது அதே 300. மொத்தம் 1,80,000 சரக்கில் ஏறும். மீதி 1,20,000 சும்மா கிடந்த பட்டறையின் செலவு, அந்த மாதத்தின் லாப நட்டத்தில் நேராக விழ வேண்டும். தரநிலை 2 இயல்பான உற்பத்தித் திறனை அடிப்படையாகக் கொள்ளச் சொல்வது இதற்காகவே.

இதில் ஆட்சேபிக்கும் முதலாளிகள் அதிகம். 500 ஏற்றினால் நவம்பர் லாபம் நன்றாகத் தெரியும், காரணம் விற்காத பம்புகளின் இருப்பில் அந்தச் செலவு ஒளிந்துகொள்கிறது. வங்கிக்குக் காட்ட அழகாக இருக்கும். பிப்ரவரியில் சீசன் தொடங்கி அந்தப் பம்புகள் விற்கும்போது, நல்ல மாதத்தின் லாபத்தை அது தின்றுவிடும். ஏன் என்று யாருக்கும் புரியாது. இன்னொரு விளைவு, 500ஐ நம்பி விலையை ஏற்றினால் இருக்கிற ஆர்டரும் போகும்.

பருவத்தொழில் என்பதால் இயல்பான உற்பத்தியை ஒரு மாதத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சில ஆண்டுகளின் மொத்த உற்பத்தியை எடுத்து, அந்த ஆண்டுகளின் மொத்த மாத எண்ணிக்கையால் வகுங்கள். அபூர்வமாக 1,300 பம்ப் செய்த மாதத்தில் 300 வீதம் ஏற்றினால் உண்மைச் செலவைவிட அதிகமாகிவிடும். அப்போது மட்டும் விகிதத்தைக் குறையுங்கள்.

14. வைண்டிங்கை வெளியே ஒருவரிடம் கூலிக்குக் கொடுத்துச் செய்கிறோம், ஜாப் ஒர்க். அவரிடம் இருக்கும் காப்பர் யார் கணக்கு?

உங்கள் கணக்குதான். அவர் பெயரில் ஒரு குடோன் உருவாக்கி, நம் சரக்கு பிறரிடம் இருக்கிறது என்ற வசதிக்கு ஆம் கொடுங்கள். சலான் போட்டு அனுப்பும்போது அந்தக் குடோனுக்கு மாற்றம். சுற்றிய ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) வரும்போது அங்கிருந்து காப்பர் செலவு, கூலி கூடுதல் செலவு. மாதக் கடைசியில் அவரிடம் உள்ளதை எடைபோட்டுக் கேளுங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீடு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

15. மாதக் கடைசியில் பாதி வேலை முடிந்து நிற்கும் பொருளை எப்படி மதிப்பது?

எங்கெல்லாம் சரக்கு தேங்குகிறதோ அங்கே மட்டும் ஒரு இடைநிலைப் பொருளை உருவாக்குங்கள். சுற்றிய ஸ்டேட்டர் தேங்கும், கடைந்த பாடி தேங்கும். அவற்றுக்குத் தனி உதிரிப் பட்டியல் போட்டால், பம்பின் பட்டியலில் காப்பருக்குப் பதில் ஸ்டேட்டர் வரும். பெயின்டுக்குக் காத்திருக்கும் பத்துப் பம்புக்காக இன்னொரு நிலை வேண்டாம். ஆறு நிலை வைத்த பட்டறையில் மூன்றாம் மாதமே பதிவு நின்றுபோகும்.

16. ஜர்னல் போட்ட பிறகு காப்பர் பில்லில் விலையைத் திருத்தினேன். பம்பின் விலை மாறவே இல்லையே?

மாறாது. மேனுஃபேக்சரிங் ஜர்னல் பதிந்த நொடியில் எடுத்துக்கொண்ட விலை வவுச்சருக்குள் அப்படியே நின்றுவிடும். காப்பரின் இருப்பு மதிப்பு புதிய விலைக்கு நகரும். பம்ப் பழைய விலையில் நிற்கும். நடுவில் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியாமல் மொத்த லாபத்தில் கரையும். 6ஆம் பதிலில் சொன்ன தானாகக் கணக்கிடும் குணத்துக்கு இது விதிவிலக்கு, அதனால்தான் குழப்புகிறது.

ஆகவே வரிசை முக்கியம். வாரப் பதிவுக்கு உட்காரும்போது முதலில் கொள்முதல், பிறகு லாரி வாடகை, கடைசியில் உற்பத்தி. மாதத்தை மூடும் முன், காப்பர், காஸ்டிங் இரண்டுக்கும் மாதச் சராசரி விலையைப் பார்த்து, விலகி நிற்கும் ஜர்னல்களைத் திறந்து அந்த வரிகளின் விலையைத் திருத்திச் சேமியுங்கள். நட்டு போல்ட்டுக்கெல்லாம் இதைச் செய்ய வேண்டியதில்லை.

17. ஜூனில் செய்த பம்ப் செப்டம்பரில் விற்றது. லாபம் எந்த மாதம்? எந்த அடக்க விலையைக் கழிப்பது?

லாபம் செப்டம்பரில், கழிக்க வேண்டியது இருப்பில் நின்ற விலை. சராசரி முறையில் அது ஜூனும் ஆகஸ்டும் கலந்த விலையாக இருக்கும். ஜூன் உற்பத்தியை மட்டும் தனியாகத் தொடர வேண்டுமென்றால் பேட்ச் வசதியைத் திறந்து, ஒவ்வொரு மாத உற்பத்திக்கும் அந்த மாதத்தின் பெயரையே பேட்சாக வையுங்கள். விற்பனை பில்லிலும் பேட்ச் தேர்வு செய்ய வேண்டும். லோடு ஏற்றும் ஆள் எந்தப் பேட்ச் என்று பார்த்து எடுத்தால்தான் இதற்குப் பொருள். வாரன்டி புகார் வரும்போது எந்த மாதத்து வைண்டிங் என்று கண்டுபிடிக்கவும் இது உதவுவதால் பெரிய மாடல்களுக்கு நான் பரிந்துரைப்பதுண்டு.

18. கையிருப்பை எண்ணினால் கணக்கோடு ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது. எதை நம்புவது?

எண்ணியதை. ஃபிசிக்கல் ஸ்டாக் வவுச்சரில் எண்ணிய அளவைப் பதிந்தால் இருப்பு சரியாகிவிடும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். காப்பர் மாதந்தோறும் 2 சதவீதம் குறைந்தால் உதிரிப் பட்டியலில் உள்ள 1.2 கிலோதான் தவறு, உண்மையில் 1.22 போகிறது. பட்டியலை மாற்றுங்கள். ஒரு மாதம் மட்டும் 40 கிலோ குறைந்தால் பட்டியலை மாற்றாதீர்கள், ஆளை விசாரியுங்கள். தொலைந்ததாகவோ களவுபோனதாகவோ தள்ளுபடி செய்தால் அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டியிருக்கும்.

எல்லாப் பொருளையும் மாதம் எண்ண யாராலும் முடியாது. காப்பர், ஸ்டாம்பிங், காஸ்டிங், பேரிங் மாதந்தோறும். மற்றவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

19. பட்டறை சொந்தக் கட்டடம், நானும் மனைவியும் சம்பளம் எடுப்பதில்லை. அடக்கத்தில் வாடகையும் சம்பளமும் சேர்க்கலாமா?

கணக்குப் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது, கொடுக்காத செலவு செலவல்ல. விலை முடிவு செய்யும் தாளில் கட்டாயம் சேருங்கள். வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும், உங்கள் வேலைக்கு ஒரு ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்கள் என்ற எண்களை எடுத்துக்கொள்ளலாம்.

20. அடுத்த மூன்று மாதத்துக்கு டெண்டரில் விலை கொடுக்க வேண்டும். போன மாத அடக்க விலையை எடுத்துக்கொள்ளட்டுமா?

மொத்தமாக எடுக்காதீர்கள், பிரித்து எடுங்கள். கூலி, மின்சாரம், உதிரிகளுக்குப் போன மாத எண் சரி. நிலையான செலவுக்கு 13இல் சொன்ன இயல்பு உற்பத்தி விகிதம். காப்பருக்குப் புத்தக விலை உதவாது, இன்றைக்கு வாங்கினால் என்ன விலை என்று வியாபாரியிடம் கேட்டு அதை வையுங்கள். 2ஆம் பதிலின் பம்பில் காப்பர் 945லிருந்து 1,050 ஆனால் அடக்கம் 126 ரூபாய் ஏறி 4,170 ஆகிறது. 2,000 பம்புக்கு அது 2,52,000.

அந்த விலைகளை ஸ்டாக் ஐட்டத்தில் ஸ்டாண்டர்டு ரேட்டாக, அமலுக்கு வரும் தேதியோடு பதிந்து வையுங்கள். ஆர்டர் கிடைத்து ஓடத் தொடங்கியதும், ஒவ்வொரு மாதமும் உண்மை விலையை அதனோடு ஒப்பிட்டு எந்தப் பொருளில் வழுக்குகிறோம் என்று பார்க்கலாம். டெண்டர் நிபந்தனை இடம் கொடுத்தால் காப்பர் விலை மாற்றத்துக்கு ஒரு விதியைக் கேட்டு வாங்குங்கள். இடம் கொடுக்காவிட்டால், ஆர்டர் உறுதியான அன்றே காப்பருக்கு மட்டும் மொத்தமாக முன்பதிவு செய்துவிடுங்கள்.